நெர்வ் ஏஜென்ட்டை தடை பண்ணியாச்சு, அப்புறம் ஏன் இன்னும் ஆளுங்க சாகுறாங்க?

கேள்வி இதுதான்: "1997லயே ரசாயன ஆயுதத்தை உலகம் முழுக்க தடை பண்ணிட்டாங்க, 2023ல கடைசி ராக்கெட்டையும் அழிச்சாச்சுன்னு நியூஸ் வந்துச்சு, அப்புறம் எப்படி சிரியாவுல, இங்கிலாந்துல, மலேசியா ஏர்போர்ட்லன்னு ஆளுங்க செத்தாங்க? இந்த நெர்வ் ஏஜென்ட் அப்படி என்னதான் பண்ணுது, இதை யாராலயும் கட்டுப்படுத்தவே முடியாதா?"

ரெண்டு வரியில பதில் சொல்ற கேள்வி இல்ல இது, கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க. நான் கொஞ்ச வருஷம் பூச்சிமருந்து எச்சம் டெஸ்ட் பண்ற லேப்ல வேலை பார்த்தவன், ஆயுத நிபுணர்லாம் கிடையாது, ஆனா பூச்சிமருந்தும் நெர்வ் ஏஜென்ட்டும் (நரம்பைத் தாக்குற விஷம்) ஒரே குடும்பம்ங்கறதால ஒண்ணைப் படிக்கப் போனா இன்னொண்ணு தானா வந்து ஒட்டிக்கும். இதை எப்படி செய்றாங்கங்கற பக்கம் போகமாட்டேன், அதை யாரும் கேட்கவும் வேணாம்.

என்னோட பதில் என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். ராணுவ கிடங்குல குவிஞ்சு கிடந்ததை ஒழிக்கிறதுல உலகம் நிஜமாவே ஜெயிச்சிருக்கு. எங்கயாவது யூஸ் பண்ணா அதை மோப்பம் பிடிச்சு நிரூபிக்கிறதுலயும் ஜெயிச்சிருக்கு. நிரூபிச்சதுக்கு அப்புறம் என்ன பண்றதுங்கற இடத்துலதான் மாட்டிக்கிட்டு முழிக்குது.

பேர்லயே ஒரு குழப்பம் இருக்கு, அதை மொதல்ல தீர்த்துடலாம். "நெர்வ் கேஸ்"னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா சாரின், டாபுன், சோமன், விஎக்ஸ் இதெல்லாம் சாதாரண வெப்பத்துல திரவம்தான். சாரின் சீக்கிரம் ஆவியாகிடும், அதனால மூச்சுல போய் கொல்லும், ஆனா கொஞ்ச நேரத்துல காத்துல கலைஞ்சும் போயிடும். விஎக்ஸ் இன்ஜின் ஆயில் மாதிரி கெட்டியா இருக்கும், விழுந்த இடத்துல நாள்கணக்குல கிடக்கும், தோல்ல ஒரு துளி பட்டா போதும். குளோரின், மஸ்டர்ட் (தோலைக் கொப்புளிக்க வைக்கிற விஷம்), கண்ணீர்ப்புகை இதெல்லாம் நெர்வ் ஏஜென்ட் கிடையாது, அது வேலை செய்ற விதமே வேற, பல பேர் எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டிடறாங்க.

உடம்புல என்ன நடக்குதுன்னா, நரம்பு ஒரு தசைக்கு "சுருங்கு"ன்னு சொல்லணும்னா அசிட்டைல்கோலின்னு ஒரு பொருளை சீட்டு மாதிரி அனுப்பும். தசை சீட்டை வாங்கிப் படிச்சு சுருங்கும். வேலை முடிஞ்ச உடனே அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போட ஒரு என்சைம் இருக்கு, அசிட்டைல்கோலினெஸ்டரேஸ்னு பேரு, ஒரு செகண்டுக்கு ஆயிரக்கணக்கான சீட்டு கிழிக்கிற அளவுக்கு வேகமானது. நெர்வ் ஏஜென்ட் பண்றதெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான், இந்த என்சைம் மேல போய் கெட்டியா உக்காந்துக்கும். கிழிக்க ஆளில்ல, சீட்டு குவியுது, எல்லா தசையும் எல்லா சுரப்பியும் நிறுத்தாம வேலை செய்யுது.

அதனால முதல் அறிகுறி பெரும்பாலும் கண்ணுலதான் வரும். கண்மணி குண்டூசி முனை அளவுக்கு சுருங்கிடும், பட்டப்பகல்லயே யாரோ லைட்டை குறைச்ச மாதிரி இருட்டா தெரியும். மூக்கு ஒழுகும், எச்சில் ஊறும், நெஞ்சு இறுகும், வாந்தி, பேதி, தசை எல்லாம் துடிக்கும், வலிப்பு வரும். நுரையீரலுக்குள்ள சளியா சுரந்து நிரம்பிடும், அதே நேரம் மூச்சை இழுக்கிற தசை களைச்சு செயலிழந்துடும், மூளையில மூச்சை ஓட்டுற பகுதியும் அடங்கிடும். மூணு பக்கமும் ஒரே நேரத்துல மூச்சை அடைக்குது, தண்ணியே இல்லாத இடத்துல மூழ்கிச் சாகுற மாதிரி. நிறைய மூச்சுல போயிடுச்சுன்னா சில நிமிஷத்துல முடிஞ்சிடும்.

மருந்து இல்லாம இல்ல. அட்ரோப்பின் அந்த சளி சுரப்பை நிறுத்தும், நெஞ்சு காயுற வரைக்கும் திரும்பத் திரும்ப குடுப்பாங்க. பிராலிடாக்சிம் மாதிரி மருந்து என்சைம் மேல உக்காந்திருக்கறதை பிடுங்கி எடுக்கும். வலிப்புக்கு டயசிபாம். ஆனா பிடுங்கி எடுக்கிற மருந்துக்கு ஒரு கெடு இருக்கு, கொஞ்ச நேரம் போயிடுச்சுன்னா விஷம் என்சைமோட ஒட்டி இறுகிடும், அதுக்கப்புறம் பிராலிடாக்சிம் குடுத்தும் பிரயோஜனம் இல்ல, உடம்பு புது என்சைம் செஞ்சுக்கற வரைக்கும் காத்திருக்கணும். இதை ஏஜிங்னு சொல்வாங்க. சாரினுக்கு அந்த கெடு சில மணி நேரம், விஎக்ஸுக்கு இன்னும் ஜாஸ்தி, சோமனுக்கு ரெண்டு மூணு நிமிஷம்தான். ரெண்டு நிமிஷத்துல எந்த ஆம்புலன்ஸ் வரும் சொல்லுங்க. அதனாலதான் சோமனுக்கு பயந்து சில ராணுவங்கள் சிப்பாய்களுக்கு முன்கூட்டியே பைரிடோஸ்டிக்மின் மாத்திரை குடுத்து வச்சாங்க, அதுவும் இதே என்சைமைத் தொடுற மருந்துதான், ஆனா கொஞ்ச நேரம் உக்காந்துட்டு தானா எழுந்து போயிடும், கெட்டவன் வந்து உக்கார்றதுக்கு முன்னாடி பஸ்ல இடம் பிடிக்க துண்டு போட்டு வைக்கிற மாதிரி. அல்சைமர் நோய்க்கு குடுக்கிற சில மருந்தும் இதே என்சைமைத்தான் லேசா அடக்குது. விஷத்துக்கும் மருந்துக்கும் நடுவுல இருக்கிற சுவர் இங்க அவ்ளோ மெல்லிசு.

அந்த சுவர் மெல்லிசா இருக்கிறதுதான் கட்டுப்பாட்டோட மொத்த தலைவலியும். இந்தக் கதை ஆயுத ஆராய்ச்சியில ஆரம்பிக்கவே இல்ல. 1936 டிசம்பர்ல ஜெர்மனியில ஐஜி ஃபார்பன் கம்பெனியில கெர்ஹார்ட் ஷ்ரேடர்னு ஒரு கெமிஸ்ட் பூச்சிமருந்து தேடிட்டு இருந்தார், அப்போ கிடைச்சதுதான் டாபுன். அடுத்த மாசமே லேப்ல ஒரு துளி சிந்தி அவருக்கும் அசிஸ்டென்ட்டுக்கும் கண்மணி சுருங்கி மூச்சு முட்டி தேற மூணு வாரம் ஆச்சு. அப்போ ஜெர்மனியில ராணுவத்துக்கு உதவுற கண்டுபிடிப்பு எதுவா இருந்தாலும் அரசாங்கத்துக்கு சொல்லியே ஆகணும், சொன்னாங்க, அவ்ளோதான், வயலுக்குப் போக வேண்டியது கிடங்குக்குப் போச்சு. 1938ல சாரின். அந்தப் பேரே அதுல சம்பந்தப்பட்டவங்க பேர்ல இருந்து எடுத்துக் கோர்த்தது, அதுல ஒருத்தர் ஓட்டோ ஆம்ப்ரோஸ், போருக்கு அப்புறம் நூரம்பெர்க்ல அடிமை வேலை வாங்கினதுக்காக தண்டனை வாங்கினவர். 1944ல சோமன், அதுல வேலை பார்த்த ரிச்சர்ட் குன் நோபல் பரிசு வாங்கின கெமிஸ்ட். இப்போ போலந்துல இருக்கிற டைஹெர்ன்ஃபுர்ட்டுங்கற ஊர்ல பேக்டரி கட்டி சுமார் 12,000 டன் டாபுன் செஞ்சு குவிச்சாங்க.

அவ்ளோ செஞ்சும் ஹிட்லர் போர்க்களத்துல அதை எடுக்கல. காரணம் ஒண்ணு மட்டும் இல்ல, ஆனா எதிரிகிட்டயும் இது இருக்கும், திருப்பி அடிப்பாங்கன்னு நம்பினது அதுல முக்கியமானது. வேடிக்கை என்னன்னா எதிர்ப்பக்கத்துல அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது, 1945ல ஜெர்மன் ஷெல்லைப் பிடிச்சுத் திறந்து பார்த்தப்பதான் தெரிஞ்சுச்சு.

தெரிஞ்சதும் என்ன பண்ணாங்க? எல்லாரும் செய்ய ஆரம்பிச்சாங்க. பிரிட்டன்ல போர்ட்டன் டவுன் ஆராய்ச்சி மையத்துல 1953ல ரொனால்ட் மேடிசன்னு 20 வயசு விமானப்படை பையன் கையில துணி வச்சு அது மேல சாரின் சொட்டினாங்க, செத்துட்டான். அது சட்டவிரோதமான கொலைன்னு தீர்ப்பு வர 2004 வரைக்கும், அதாவது 51 வருஷம் ஆச்சு. அதே 1950கள்ல ஐசிஐ கம்பெனியில ரணஜித் கோஷ்னு ஒரு கெமிஸ்ட், இவரும் பூச்சிமருந்து தேடிட்டுதான் இருந்தார், அமிட்டான்னு ஒண்ணு 1954ல கடைக்கே வந்துச்சு, மனுஷனுக்கு ரொம்ப ஆபத்துன்னு வாபஸ் வாங்கினாங்க. வாபஸ் வாங்கினது சந்தையில இருந்துதான். அந்தக் குடும்பத்துல இருந்துதான் விஎக்ஸ் வந்துச்சு, அமெரிக்கா இண்டியானாவுல பேக்டரியே போட்டு செஞ்சுச்சு. 1968ல யூட்டாவுல டக்வே ராணுவ சோதனைக் களத்துல விமானத்துல இருந்து தெளிச்சுப் பார்த்தாங்க, பக்கத்து பள்ளத்தாக்குல ஆறாயிரம் ஆடு கிட்ட செத்து விழுந்துச்சு. மனுஷங்க இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு அமெரிக்க மக்கள் முதல் தடவையா கேட்டது அப்பத்தான், ஆட்டுக்குதான் அந்தப் புண்ணியம்.

இங்க ஒரு சந்தேகம் வரும், ஒரே குடும்பம்னா வயல்ல அடிக்கிற மருந்து ஏன் நம்மள அப்படியே கொல்லல? மாலத்தியான் மாதிரி மருந்தை எடுத்துக்கோங்க, நம்ம உடம்புல இருக்கிற வேற சில என்சைம் அதை வேகமா உடைச்சு வெளிய தள்ளிடும், பூச்சிக்கு அந்த வசதி கம்மி. நெர்வ் ஏஜென்ட்டுக்கு எதிரா அந்த வசதி நமக்கும் இல்ல. ஆனா பூச்சிமருந்தும் அளவுக்கு மீறிப் போனா இதே கண்மணி, இதே சளி, இதே அட்ரோப்பின்தான். உலகத்துல போர்ல நெர்வ் ஏஜென்ட்டால செத்தவங்களை விட பூச்சிமருந்தால செத்தவங்க பல மடங்கு, அதை யாரும் ஆயுதம்னு எண்ணுறதில்ல, அது தனி சோகம்.

போர்க்களத்துல நெர்வ் ஏஜென்ட் முதல்ல இறங்கினது ஈரான் ஈராக் போர்ல, 1984ல ஈராக் டாபுன் போட்டுச்சு. 1988 மார்ச் 16ஆம் தேதி ஹலப்ஜாங்கற குர்து ஊர்ல மஸ்டர்டும் நெர்வ் ஏஜென்ட்டும் கலந்து போட்டதுல செத்தவங்க 3,200ல இருந்து 5,000 வரைக்கும்னு கணக்கு சொல்றாங்க. அப்போ 1925 ஜெனீவா புரோட்டோகால் அமல்ல இருந்துச்சு, ஈராக்கும் அதுல சேர்ந்த நாடுதான். ஆனா அந்த புரோட்டோகால் யூஸ் பண்ணாதேன்னு மட்டும்தான் சொல்லும், செய்யாதே, வச்சுக்காதேன்னு சொல்லாது, வந்து பார்க்கிறதுக்கு ஆளும் கிடையாது. நிறைய நாடு "எங்க மேல போட்டா நாங்களும் போடுவோம்"னு ஒரு வரி சேர்த்துத்தான் கையெழுத்தே போட்டாங்க.

1995 டோக்கியோ பத்தி கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா அதுவரைக்கும் இது நாடுகளோட ஆயுதம்னு நினைச்சிட்டு இருந்தாங்க. ஓம் ஷின்ரிக்யோன்னு ஒரு மதக்குழு, பணம் இருக்கு, படிச்ச கெமிஸ்ட்டுங்க இருக்காங்க, சொந்தமா ஒரு பிளான்ட்டே கட்டினாங்க. 1994 ஜூன்ல மாட்சுமோட்டோங்கற ஊர்ல முதல்ல போட்டு 8 பேர் செத்தாங்க. அடுத்த வருஷம் மார்ச் 20, திங்கக்கிழமை காலையில ஆபீஸ் கூட்டத்துல, சப்வே ரயில் அஞ்சுல. அன்னிக்கும் அதுக்கப்புறமுமா செத்தவங்க மொத்தம் 14 பேர், ஆஸ்பத்திரிக்கு ஓடினவங்க அஞ்சாயிரத்துக்கும் மேல. இத்தனைக்கும் அவங்க செஞ்சது தரம் கெட்ட சரக்கு, அவ்ளோ பணமும் ஆளும் போட்டும் நினைச்ச மாதிரி வரல. "யார் வேணா சமையலறையில செஞ்சிடலாம்"னு சிலர் பயமுறுத்துவாங்க, அதை நம்பாதீங்க, டோக்கியோவே அதுக்கு எதிர்சாட்சி.

டோக்கியோவுல இருந்து டாக்டருங்க கத்துக்கிட்டது வேற. செயின்ட் லூக்ஸ் ஆஸ்பத்திரிக்கு மட்டும் அன்னிக்கு 640 பேர் வந்தாங்க, பெரும்பாலானவங்க ஆம்புலன்ஸ்ல வரல, நடந்தும் டாக்ஸி பிடிச்சும் வந்தாங்க. என்ன விஷம்னு தெரியாது, வேற ஏதோ கெமிக்கல்னு முதல்ல தப்பா தகவல் வந்துச்சு. முந்தின வருஷம் மாட்சுமோட்டோவுல சிகிச்சை பார்த்த ஒரு டாக்டர் டிவியில அறிகுறியைப் பார்த்துட்டு அவரே போன் போட்டு இது அதேதான்னு சொன்னார். வந்தவங்களோட துணியை கழட்டாம அப்படியே உள்ள விட்டதால, குறிப்பா காத்தோட்டம் இல்லாத சேப்பல்ல படுக்க வச்சதால, துணியில இருந்து கிளம்பின ஆவி டாக்டர் நர்ஸ் மேலயே அடிச்சுச்சு, அங்க வேலை செஞ்சவங்கள்ல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தருக்கு கண்ணு மங்கல், தலைவலின்னு வந்துச்சு. இன்னிக்கு எந்த நாட்டு பயிற்சியிலயும் முதல் பாடம் இதுதான்: காத்து வர்ற பக்கம் நகரு, மேடான இடத்துக்குப் போ, ஏன்னா இந்த ஆவி காத்தை விட கனம், பள்ளத்துல தேங்கும். மேல் துணியை கழட்டு, அதுலயே பெரும்பகுதி விஷம் போயிடும். அப்புறம் நிறைய தண்ணி விட்டு சோப்பு போட்டுக் கழுவு, அதுக்கப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குள்ள.

சரி, கட்டுப்பாட்டுக்கு வருவோம். ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தம் 1993 ஜனவரியில பாரிஸ்ல கையெழுத்துக்கு வந்துச்சு, 1997 ஏப்ரல் 29ல அமலுக்கு வந்துச்சு. இப்போ 193 நாடு உள்ள இருக்கு. வெளிய நிக்கிறது எகிப்து, வட கொரியா, தெற்கு சூடான், அப்புறம் கையெழுத்து போட்டும் உறுதி பண்ணாத இஸ்ரேல். இதை நடத்துற அமைப்பு ஹேக் நகரத்துல இருக்கிற ஓபிசிடபிள்யூ, 2013ல சமாதான நோபல் வாங்கினது.

அந்த ஒப்பந்தத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு, அதை எழுதினவங்க மூளைக்கு ஒரு சல்யூட். இந்த இந்த கெமிக்கல் தடைன்னு ஒரு பட்டியல் மட்டும் போட்டிருந்தா நாளைக்கு ஒருத்தன் ஒரு அணுவை மாத்திட்டு "இது பட்டியல்ல இல்லயே"ன்னு நிப்பான். அதனால அவங்க என்ன எழுதினாங்கன்னா, விஷத்தன்மை உள்ள எந்த கெமிக்கலா இருந்தாலும், தொழில், விவசாயம், மருத்துவம், ஆராய்ச்சி, பாதுகாப்பு இப்படி அனுமதிச்ச நோக்கத்துக்கு இல்லாம வச்சிருந்தா அது ரசாயன ஆயுதம். தடை பொருள் மேல இல்ல, நோக்கத்து மேல. இன்னும் கண்டுபிடிக்காத விஷம் கூட இதுக்குள்ள வந்துடும். 2022ல மருந்து தேடுற ஒரு ஏஐ மாடலை தலைகீழா திருப்பி விட்டுப் பார்த்தாங்க, ஆறு மணி நேரத்துக்குள்ள 40,000 மூலக்கூறு கக்குச்சு, அதுல விஎக்ஸும் இருந்துச்சு, புதுசும் இருந்துச்சு. கம்ப்யூட்டர்ல வரையறதுக்கும் குடுவையில செய்றதுக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம், இருந்தாலும் பட்டியலை நம்பி உக்காந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிங்க.

பட்டியலும் இருக்கு, அது செக்கிங்குக்காக. மூணு அட்டவணை. முதல்ல ஆயுதத்தைத் தவிர உருப்படியான உபயோகம் கிட்டத்தட்ட இல்லாதது, சாரின் விஎக்ஸ்லாம் அங்க, ஒரு நாடு ஆராய்ச்சி, பாதுகாப்பு எல்லாத்துக்கும் சேர்த்து மொத்தமா ஒரு டன்னுக்கு மேல வச்சுக்கவே கூடாது. ரெண்டாவது ஆயுதத்துக்கும் போகலாம், தொழிலுக்கும் கொஞ்சம் போகும்ங்கற வகை, பேனா மைக்கு போற தயோடைகிளைக்கால்ல இருந்து மஸ்டர்ட் வரும். மூணாவது டன் டன்னா ஓடுற தொழில் கெமிக்கல், பிளாஸ்டிக் தயாரிப்புக்கு வேண்டிய பாஸ்ஜீன் மாதிரி. கம்பெனிங்க எவ்ளோ செய்றோம், யாருக்கு விக்கிறோம்னு அவங்க அரசாங்கத்துக்கிட்ட சொல்லணும், அரசாங்கம் ஹேக்குக்கு சொல்லணும், இன்ஸ்பெக்டர் வந்து கணக்கும் சரக்கும் ஒத்துப்போகுதான்னு பார்ப்பாங்க. தனியார் பேக்டரிக்குள்ள சர்வதேச இன்ஸ்பெக்டர் போறதுங்கறது எவ்ளோ பெரிய விஷயம்னு தொழில்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும். இது போக ஆஸ்திரேலியா குரூப்னு 1985ல இருந்து சில நாடுங்க கூடி ஏற்றுமதியை கண்காணிக்குது, ஈராக்குக்கு மேல்நாட்டு கம்பெனிங்ககிட்ட இருந்தே மூலப்பொருள் போனது தெரிஞ்ச அவமானத்துல பிறந்தது அது.

அழிக்கிற வேலை நினைச்சதை விட பத்து மடங்கு கஷ்டமா போச்சு. முன்னாடியெல்லாம் கடல்ல கொட்டிடுவாங்க, 1970ல கூட அமெரிக்கா சாரின் ராக்கெட்டை கான்கிரீட்ல அடைச்சு கப்பலோட அட்லாண்டிக்ல மூழ்கடிச்சுச்சு. ஒப்பந்தம் அதை மூடிடுச்சு, கடல்ல கொட்டக்கூடாது, புதைக்கக்கூடாது, திறந்த வெளியில எரிக்கக்கூடாது. அதனால ஒவ்வொரு ராக்கெட்டையும் ரோபோ கையால பிரிச்சு, உள்ள இருக்கிற திரவத்தை வடிச்சு, ஒண்ணு அடைச்ச உலையில எரிக்கணும், இல்ல ரசாயனமா முறிக்கணும், வெடிமருந்தும் பழசாகிக் கசிஞ்சுட்டு இருக்கும். பத்து வருஷ கெடு 2007, அது 2012க்கு தள்ளிப்போச்சு, அப்பவும் முடியல. அல்பேனியா, தென் கொரியா, இந்தியா இவங்க சீக்கிரம் முடிச்சாங்க. கிட்டத்தட்ட 40,000 டன் வச்சிருந்த ரஷ்யா 2017 செப்டம்பர்ல முடிச்சுச்சு. அமெரிக்கா 2023 ஜூலை 7ஆம் தேதி கென்டக்கியில கடைசி சாரின் ராக்கெட்டை முடிச்சுச்சு. எல்லா நாடும் கணக்கு காட்டினது மொத்தம் 72,304 டன், அத்தனையும் போச்சு. ஒரு வகை ஆயுதத்தோட கணக்கு காட்டின இருப்பை முழுசா, சர்வதேச ஆளுங்க கண்ணு முன்னாடி, பூஜ்யம் ஆக்கினது உலக சரித்திரத்துல வேற எங்கயும் இந்த அளவுக்கு நடக்கல. இது பெரிய சாதனை, இதை யாரும் பெருசா பேசவே இல்லங்கறது எனக்கு ஒரு வருத்தம்.

ஆனா அந்த வாக்கியத்துல "கணக்கு காட்டின"ங்கற வார்த்தையைப் பாருங்க. ஓட்டை அங்கதான்.

சிரியா 2013 வரைக்கும் ஒப்பந்தத்துக்கு வெளிய இருந்துச்சு. அந்த வருஷம் ஆகஸ்ட் 21 விடியக்காலையில டமாஸ்கஸ் பக்கத்துல கூட்டாவுல சாரின் ராக்கெட் விழுந்துச்சு, நூத்துக்கணக்கான பேர் செத்தாங்க, அமெரிக்கா சொன்ன கணக்கு 1,429. அப்போ ஐநா குழு அதே ஊர்ல ஹோட்டல்ல உக்காந்திருக்கு, வேற சம்பவத்தை விசாரிக்க வந்தவங்க. போய் சாம்பிள் எடுத்தாங்க, சாரின்தான்னு சந்தேகமே இல்லாம சொன்னாங்க. யார் போட்டாங்கன்னு சொல்லல, ஏன்னா அதைச் சொல்ற அதிகாரம் அவங்களுக்குக் குடுக்கவே இல்ல! அமெரிக்காவும் ரஷ்யாவும் பேசி சிரியாவை ஒப்பந்தத்துல சேர வச்சாங்க, 1,300 டன் கணக்கு காட்டினாங்க, எந்த நாடும் தன் மண்ணுல அழிக்க சம்மதிக்காததால சுமார் 600 டன்னை கேப் ரே கப்பல்ல வச்சு நடு மத்தியதரைக் கடல்ல முறிச்சாங்க. கதை முடிஞ்சதுன்னு நினைச்சோம், 2017 ஏப்ரல் 4ல கான் ஷேக்கூன்ங்கற சிரிய ஊர்ல மறுபடியும் சாரின். கணக்குல காட்டாதது மிச்சம் இருந்துச்சு. சிரியா அரசுதான் பொறுப்புன்னு ஐநாவும் ஓபிசிடபிள்யூவும் சேர்ந்து நடத்தின விசாரணை சொன்ன அடுத்த மாசம், அந்தக் குழுவோட காலத்தை நீட்டிக்கிற தீர்மானத்தை ரஷ்யா வீட்டோ பண்ணுச்சு, குழு செத்துடுச்சு. அதுக்கப்புறம் 2018ல உறுப்பு நாடுங்க ஓட்டு போட்டு ஓபிசிடபிள்யூவுக்கே "யார் பண்ணா"ன்னு சொல்ற அதிகாரத்தைக் குடுத்தாங்க. சொன்னாங்க, 2021ல சிரியாவோட ஓட்டுரிமையை பறிச்சாங்க. ஆயிரம் பேர் மூச்சு முட்டிச் செத்ததுக்கு உலகம் குடுத்த தண்டனை, ஓட்டு போடக்கூடாது.

இன்னொரு ஓட்டை, அளவு. ராணுவத்துக்கு டன் கணக்குல வேணும், அதுக்கு பேக்டரி வேணும், பேக்டரி கண்ணுல படும். ஒரே ஒரு ஆளைக் கொல்றதுக்கு சின்ன பாட்டில் போதும். 2017 பிப்ரவரியில கோலாலம்பூர் ஏர்போர்ட்ல வட கொரிய அதிபரோட ஒன்றுவிட்ட அண்ணன் கிம் ஜோங் நாம் முகத்துல ரெண்டு பொண்ணுங்க விஎக்ஸ் தடவினாங்க, டிவி பிராங்க்னு நினைச்சோம்னு சொன்னாங்க, ஆஸ்பத்திரி போற வழியிலயே அவர் செத்துட்டார். 2018 மார்ச்ல இங்கிலாந்துல சாலிஸ்பரியில, பிரிட்டனுக்கு உளவு சொன்ன முன்னாள் ரஷ்ய உளவாளி ஸ்க்ரிபால் வீட்டு கதவு கைப்பிடியில நோவிசோக், சோவியத் காலத்துல செஞ்ச நெர்வ் ஏஜென்ட். அப்பாவும் மகளும் பிழைச்சாங்க, ஆனா நாலு மாசம் கழிச்சு, கொல்ல வந்தவங்க விட்டுட்டுப் போன போலி சென்ட் பாட்டில்ல மிச்சம் இருந்ததை சென்ட்டுன்னே நம்பி கையில அடிச்சுக்கிட்ட டான் ஸ்டர்ஜஸ் செத்துட்டாங்க, அவங்களுக்கும் இந்த உளவு சண்டைக்கும் எந்த சம்பந்தமும் இல்ல.

நோவிசோக் இருக்குன்னு உலகத்துக்கு முன்னாடியே தெரியும்ங்கறதுதான் எரிச்சல். வில் மிர்சயானோவ்ங்கற ரஷ்ய விஞ்ஞானி 1992லயே வெளிய சொன்னார், அதுக்காக அவர் மேல கேஸ் போட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு வருஷம் கூட ஆகறதுக்குள்ள ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டவங்க அதை அட்டவணையில சேர்க்கல, பேச்சே எடுக்கல. சாலிஸ்பரி நடந்தப்பதான் எழுந்தாங்க, 2019 நவம்பர்ல முடிவெடுத்து 2020 ஜூன் 7ல அட்டவணையில சேர்த்தாங்க, ஒப்பந்த சரித்திரத்துலயே அட்டவணையை திருத்தினது அதுதான் முதல் தடவை. ரெண்டே மாசத்துல ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவல்னிக்கு விஷம் வச்சாங்க. ரத்தத்தை டெஸ்ட் பண்ணா அதே குடும்பம், ஆனா புதுசா சேர்த்த பட்டியல்ல இல்லாத ஒரு ஐட்டம். நோக்கத்து மேல தடை வச்சதோட மதிப்பு இப்போ புரியுதா, பட்டியல்ல இல்லன்னாலும் அது தடை செஞ்ச ஆயுதம்தான்னு சொல்ல ஒரு பிடி இருந்துச்சு.

ஒப்பந்தத்துல ஒரு பிரம்மாஸ்திரமும் இருக்கு, சேலஞ்ச் இன்ஸ்பெக்ஷன். சந்தேகம் வந்தா எந்த உறுப்பு நாடும் இன்னொரு நாட்டுல எந்த இடத்தையும் திடீர்னு சோதிக்கக் கேட்கலாம், மறுக்கிற உரிமை கிடையாது. 1997ல இருந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு தடவை கூட யாரும் அதை எடுக்கல. இன்னிக்கு நான் கேட்டா நாளைக்கு அவன் என் வீட்டுக் கதவைத் தட்டுவான்ங்கற பயம், அப்புறம் போய் ஒண்ணும் கிடைக்கலன்னா முகம் போயிடும்ங்கற பயம். பழகப் பழகத்தான் கத்தி கூராகும், இது உறையிலயே துரு பிடிக்குது. எனக்கு இருக்கிற பெரிய குறை இதுதான்.

அப்போ கட்டுப்படுத்த முடியாதான்னா, முழுசா முடியாது, ஆனா மறைச்சு தப்பிக்கிறது ரொம்ப கஷ்டமாகிடுச்சு. லேப்ல இருந்தவன்ங்கறதால இந்தப் பக்கம் எனக்கு கொஞ்சம் பெருமை உண்டு. சாரின் உடைஞ்சு போனாலும் அது உடையற விதம் அதோட கையெழுத்து மாதிரி, சிறுநீர்ல, மண்ணுல, உலோகத் துண்டுல அந்தத் துணுக்கு நிக்கும், இயற்கையில அப்படி ஒரு பொருள் தானா வராது. ரத்தத்துல என்சைமோட ஒட்டினதைப் பிரிச்சு எடுத்து எந்த ஏஜென்ட்டுன்னே சொல்லலாம். ஓபிசிடபிள்யூ சாம்பிளை உலகம் முழுக்க பரீட்சை வச்சு தேர்ந்தெடுத்த லேபுங்களுக்கு அனுப்பும், ஸ்விட்சர்லாந்துல ஸ்பீட்ஸ், ஃபின்லாந்துல வெரிஃபின் மாதிரி, எது நிஜ சாம்பிள் எது வெறும் சாம்பிள்னு லேபுக்கு சொல்லாம கலந்து அனுப்பும், குறைஞ்சது ரெண்டு லேப் தனித்தனியா ஒரே பதில் சொல்லணும். இல்லாததை இருக்குன்னு சொன்னாலும் மாட்டுவோம், இருக்கிறதை இல்லன்னு சொன்னாலும் மாட்டுவோம், அந்த பரீட்சையில ஒரு தடவை சறுக்கினா லேபோட அங்கீகாரமே போயிடும்.

1988 ஆகஸ்ட்ல வட ஈராக்ல பிர்ஜின்னின்னு ஒரு சின்ன குர்து கிராமத்து மேல விமானம் குண்டு போட்டுச்சு. ஊர்க்காரங்க விஷம்னு சொன்னாங்க, ஈராக் இல்லன்னு சொல்லுச்சு. நாலு வருஷம் கழிச்சு 1992ல மனித உரிமைக் குழுவோட போனவங்க குண்டு விழுந்த குழியில இருந்து மண்ணு அள்ளிட்டு வந்தாங்க. நாலு வருஷ மழையும் வெயிலும் பட்ட மண்ணு. போர்ட்டன் டவுன் லேப்ல போட்டுப் பார்த்தா சாரின் உடைஞ்ச துணுக்கு அதுல இருந்துச்சு. ஊர்க்காரங்க சொன்னது சரிதான்.